சித்தேரி மலையும் இரண்டு வழக்குகளும்



போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு என்கவுன்டர் செய்தியைப் போட்டு, "இதுதான் உடனடித் தீர்ப்பு" என்று சிலர் கைதட்டியிருந்தீர்கள். உங்களுக்கு வரலாறு நடத்தியவன் என்ற உரிமையில் நம் மாவட்டக் கதை இரண்டு சொல்கிறேன்.

1992 ஜூன் 20. சந்தன மரம் பதுக்கியதாகச் சொல்லி, அரூர் பக்கம் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் புகுந்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், அதுவரை உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

2015 ஏப்ரல் 7. திருப்பதியை அடுத்த சேஷாசலம் காட்டில் ஆந்திர அதிரடிப்படை 20 தமிழ்க் கூலித்தொழிலாளிகளைச் சுட்டுக் கொன்றது. அதே சித்தேரி மலைக்காரர்களும் அதில் உண்டு. "செம்மரம் வெட்ட வந்து எங்களைத் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம்" என்றது போலீஸ். சிலரைப் பேருந்திலிருந்தே இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று உடன் சென்றவர்கள் மனித உரிமை ஆணையத்திடம் சொன்னார்கள். ஆணையம் சிபிஐ விசாரணை வேண்டும் என்றது. அந்த 20 கொலைகளுக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. தூக்கோ ஆயுள் தண்டனையோ கிடைக்கக்கூடிய குற்றம் சாட்டப்படாதவரை, கைது செய்யும்போது கொல்லும் உரிமை போலீசுக்குக் கிடையாது என்றது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 46ஆவது பிரிவு. தற்காப்புக்குச் சுடலாம், ஆனால் அது தற்காப்புதானா என்பதைச் சுட்டவரே முடிவு செய்ய முடியாது. என்கவுன்டரில் உயிர் போனால் முதல் தகவல் அறிக்கை, தனி விசாரணை, மாஜிஸ்திரேட் விசாரணை எல்லாம் கட்டாயம் என்று 2014 செப்டம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஏழு மாதம்கூட ஆகவில்லை, சேஷாசலம் நடந்தது.

பிறகு ஏன் ஒரு வழக்கு ஜெயித்தது, இன்னொன்று நிற்கிறது? காரணங்கள் பல உண்டு. எனக்குப் பெரிதாகத் தெரிவது ஒன்று. வாச்சாத்திப் பெண்கள் உயிரோடிருந்தார்கள். 19 வருஷம் கோர்ட்டுக்கு அலைந்து, நடந்ததைச் சொன்னார்கள். சுடப்பட்டவன் வந்து சாட்சி சொல்ல மாட்டான். என்கவுன்டரில் முதலில் சாவது சாட்சிதான்.

செத்தவன் குற்றவாளியா இல்லையா என்று அதன்பின் நமக்கு எப்படித் தெரியும்? அடுத்த முறை கைதட்டும் முன் இதை ஒரு நிமிஷம் யோசியுங்கள் கண்ணுகளா.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்,
காரிமங்கலம்.