கால் வேலி நிலம் இல்லாதவங்களும் பேசலாம்



மலருக்கு ஏரியைப் பத்தி ஒரு கட்டுரை எழுதிக் கொடுன்னு நம்ம கூட்டமைப்புத் தலைவி அக்கா சொன்னாங்க. ஏரி வரலாறு என்றால் எந்த ராஜா வெட்டினார், எவ்வளவு பெரிசு என்று எழுதுவது வழக்கம். நான் எழுத நினைத்தது வேறு. ஏரியில் என்ன வேலை செய்யணும், தண்ணீரை எப்படிப் பங்கிடணும் என்று அந்தந்தக் காலத்தில் யார் முடிவு பண்ணாங்க? யாரைக் கேட்டாங்க, யாரைக் கேட்கவே இல்லை? பத்தாம் வகுப்பு வரை படித்ததும், பையனோட வரலாற்றுப் புத்தகத்தில் பார்த்ததும், கூட்டமைப்புப் பயிற்சிகளில் கேட்டதும் வைத்து எழுதுகிறேன்.

கூட்டமைப்புச் சுற்றுலாவில் உத்திரமேரூர் போனோமே, வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர் முழுக்க எழுத்தா இருந்ததே, அங்கிருந்துதான் தொடங்கணும். பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் அவை. ஊரை 30 குடும்பாகப் பிரித்திருந்தார்கள். குடும்பு என்றால் இப்போ நாம சொல்கிற வார்டு மாதிரி. தகுதி உள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் தெரியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அப்படி வந்தவர்களைச் சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர் என்று பிரித்தார்கள். ஏரிக்கு என்றே தனியாக ஒரு குழு! பதவிக்காலம் 360 நாள். ஏற்கெனவே வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது, அவருடைய சொந்தக்காரர்களும் வர முடியாது. இதைக் கேட்டதும் பஸ்ஸில் நம்ம பெண்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கு. சங்கத்துக் கணக்கு நோட்டை மாசாமாசம் சரிபார்க்கிற நமக்கு அது ரொம்பப் பிடித்துப் போனதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் தகுதி என்ன என்றும் அதே கல்வெட்டில் இருக்கிறது. வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் வேணும். இப்போதைய கணக்கில் ஏறத்தாழ ஒன்றரை ஏக்கருக்கு மேல். சொந்த மனையில் வீடு இருக்கணும். வயது 35-லிருந்து 70-க்குள். வேதம் தெரிந்திருக்கணும். ஒரு வேதமும் அதற்கான உரையும் நன்றாகத் தெரிந்தவருக்கு அரைக்கால் வேலி போதும் என்று சலுகையும் உண்டு. அது பிராமணர்களுக்கு விட்ட சதுர்வேதிமங்கலம். அந்த ஏரிக்குக் கூடையில் மண் சுமந்தவர்கள், அந்தத் தண்ணீரில் நாற்று நட்டவர்கள் பேர் எந்த ஓலையிலும் இல்லை. பெண்கள் பேரும் இல்லை. "உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக் கொடுத்த ஊர்" என்று மேடையில் பேசுகிறபோது இதையும் சேர்த்துச் சொன்னால் நல்லா இருக்கும். கணக்குக் கேட்ட விதம் பெருமைதான், அதை நான் மறுக்கலை.

ஏரி வேலைக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிஞ்சுக்கணும். ஏரிப்பட்டி என்று ஏரிப் பராமரிப்புக்கு நிலம் ஒதுக்கினார்கள். மீன் பிடிக்க விட்ட குத்தகைப் பணத்தை ஏரிக்கே செலவு செய்தார்கள். இதோட, நிலம் இருக்கிறவங்க எல்லாரும் ஆள் அனுப்பி கரை போடுவதும் கால்வாய் தூர் எடுப்பதும் வழக்கமாக இருந்தது. அதற்குப் பேர்தான் குடிமராமத்து. ஊரே சேர்ந்து செய்த வேலை, வெள்ளைக்காரன் காலத்தில் மெல்ல மெல்ல அரசாங்கத்தின் கைக்குப் போனது. அந்த வேலைக்கு ஆட்கள் வந்தே ஆகணும் என்று 1858-ல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டார்கள். முடிவு எடுக்கிற உரிமையை எடுத்துக்கிட்டு, வேலைக்கு மட்டும் வா என்று சொன்னால் யார் மனசோட வருவாங்க?

சுதந்திரத்துக்குப் பிறகு 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் உள்ள ஏரிகள் பொதுப்பணித்துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருந்தன. 2000-ல் விவசாயிகளும் பாசன நிர்வாகத்தில் பங்கு பெறணும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. 2017-ல் குடிமராமத்து என்ற பழைய பேரிலேயே 100 கோடி ரூபாயில் திட்டமும் வந்தது. நல்லதுதான். ஆனால் இந்த ஏற்பாடுகளில் ஏரிக்குச் சொந்தக்காரர் போலப் பேசினவர் யார்? ஆயக்கட்டில் நிலம் வைத்திருக்கிற விவசாயி. பட்டா பெரும்பாலும் ஆம்பளைங்க பேரில். அப்போ கால் வேலி, இப்போ ஆயக்கட்டுப் பட்டா. ஆயிரத்து நூறு வருஷம் கழித்தும் நிலம் இருக்கான்னுதான் கேட்கிறாங்க.

இடையில் ஒரே ஒரு கதவு வேற மாதிரி திறந்தது. 1992-ல் நிறைவேறி 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தமும், அதை ஒட்டி வந்த 1994-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும்தான் அந்தக் கதவு. ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால் போதும், கிராம சபையில் நீங்க உறுப்பினர். நிலம் வேண்டாம், பட்டா வேண்டாம், படிப்பு வேண்டாம். குடிநீர், சிறுபாசனம், மரம் வளர்ப்பு, விறகு, தீவனம் எல்லாம் ஊராட்சிகளிடம் ஒப்படைக்கலாம் என்ற 29 விஷயங்களில் இருக்கிறது.

இதை முதலில் பெரிய அளவில் செய்து பார்த்தது பக்கத்துக் கேரளா. 1996-ல் மக்கள் திட்டம் என்று தொடங்கி, மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கே கொடுத்தாங்க. ஊர் பெரிசா இருந்தால் ஏழைப் பெண்கள் வாய் திறக்க மாட்டாங்க என்பதால், கிராம சபையை அங்கே வார்டு வார்டாகக் கூட்டுறாங்க. பெண்களுக்கான திட்டங்களுக்கு 10 சதவீதம் ஒதுக்கணும் என்றும் வைத்தாங்க. இந்த வார்டு யோசனையை நாமளும் கேட்டு வாங்கணும் என்பது என் அபிப்பிராயம்.

நம்ம பக்கம் ரொம்ப நாள் நிலைமை எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். கூட்டத்துக்கு ஆள் எண்ணிக்கை குறைந்தால் சங்கத்துப் பெண்களைக் கூப்பிடுவாங்க. நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவோம். தீர்மானம் என்னன்னு பிறகுதான் தெரியும்.

எங்க ஊர் ஏரியில் தூர் வாரினபோதும் அப்படித்தான் நடந்தது. கரை ஓரமாக, நாங்க துணி துவைக்கிற இடத்தில், ஆடு மாடு தண்ணீர் குடிக்க இறங்குகிற இடத்திலேயே ஆழமாக வெட்டிட்டாங்க. லாரி நிற்க வசதியான இடம் அதுதான். மழை வந்ததும் இறங்கவே பயமான குழியாகிப் போச்சு. ஒரு வெள்ளாடு செத்தது, கணவரை இழந்து ரெண்டு ஆட்டை வைத்துப் பிழைக்கிற ஒரு பெண்ணுடையது. வேலையைத் தீர்மானித்த இடத்தில் அந்தப் பாதையில் நடக்கிறவங்க ஒருத்தரும் இல்லை.

2018-லிருந்து ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கிற இயக்கம் நடக்கிறது. அதில் சேர்க்க கிராம வறுமைக் குறைப்புத் திட்டம் ஒன்றை நம்ம ஊராட்சி அளவிலான கூட்டமைப்புதான் எழுதிக் கிராம சபையில் வைக்கணும். எங்க சங்கங்கள் அதற்கு ஏரியைச் சுற்றி நடந்து போனோம். வயசான பாட்டிகள்தான் அதிகம் சொன்னாங்க: வரத்துக் கால்வாய் எங்கே அடைபட்டிருக்கு, கலங்கல் வழியாகத் தண்ணீர் போய் எந்தத் தெருவில் ஏறும், சீமைக்கருவேலத்தை வெட்டும்போது விறகுக்கு எதை விடணும் என்று. ஒரு நாள் கூத்தாகத்தான் தொடங்கினோம், மூணு நாள் ஆச்சு. மூணு விஷயம் எழுதினோம். குழி உள்ள கரையைச் சரிவாக்கிப் படித்துறை கட்டணும், இனி ஆழம் எடுப்பதை ஏரி நடுவில் எடுக்கணும், வரத்துக் கால்வாயைத் தூர் வாரணும்.

கிராம சபையில் ஒருத்தர் எழுந்து, "நிலம் இல்லாதவங்களுக்கு ஏரியில் என்ன பேச்சு?" என்று கேட்டார். ஆடு பறிகொடுத்த அந்தப் பெண்தான் பதில் சொன்னாங்க: "நிலம் இல்லைங்க, ஆடு இருந்துச்சு." அதற்குப் பிறகு கூட்டத்தில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கலை. தீர்மானத்தை நாங்க படித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டோம்.

கரைச் சரிவு 100 நாள் வேலையில் முடிந்தது. படித்துறையில் ஆறு படி கட்டியிருக்கு, இன்னும் நாலு படி பாக்கி. நடுவில் ஆழம் எடுக்கிறதை அடுத்த தடவை தூர் வாரும்போதுதான் பார்க்கணும். வரத்துக் கால்வாய் பாதி தூரம் அடுத்த ஊராட்சிக்குள் போகிறதால், அவங்க கிராம சபையிலும் தீர்மானம் வேணும். அந்த ஊர்ச் சங்கங்களும் நம்ம கூட்டமைப்பில் இருக்கிறவங்கதான். நவம்பர் 1-ஆம் தேதி கிராம சபைக்கு முன்னாடி, ரெண்டு ஊர்ச் சங்கத்துப் பெண்களும் சேர்ந்து அந்தக் கால்வாயில் நடந்து பார்க்கிறதாகப் பேசி வைத்திருக்கோம்.