மேடை ஒருவருக்கு, மேசை இன்னொருவருக்கு

நெட்ஃபிளிக்ஸில் 2020இல் வந்த 'தி எடி' தொடரின் எட்டுப் பகுதிகளையும் எங்கள் வாசிப்பு வட்டத் தோழர்களோடு பார்த்து முடித்தோம். கதை பாரிஸில் நடக்கிறது. நியூயார்க்கில் பெயர் பெற்ற பியானோக் கலைஞரான எலியட், கறுப்பின அமெரிக்கர். வாசிப்பதை நிறுத்திவிட்டு, ஃபரித் என்ற அரபு நண்பனோடு கூட்டாக ஒரு ஜாஸ் கிளப் நடத்துகிறார். கிளப்பில் எப்போதும் பணமுடை. முதல் பகுதியிலேயே ஃபரித் கொல்லப்படுகிறான். (இன்னும் பார்க்காதவர்கள் மன்னிக்கவும்.) கதை பல இடங்களில் இழுக்கிறது. ஆனால் இசைக்குழுவில் இருப்பவர்கள் நிஜமான இசைக்கலைஞர்கள். அவர்கள் வாசிக்கும் காட்சிகளுக்காகவே இதைப் பார்க்கலாம்.

நியூயார்க்கின் கறுப்பினக் கலைஞர் ஒருவர் பாரிஸில் வந்து கிளப் நடத்துவதைத் தொடர் இயல்பான விஷயமாகக் காட்டிவிட்டுப் போகிறது. அதன் பின்னால் நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. சமூகவியல் மாணவர்கள் அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் தொடர் வேறு மாதிரித் தெரியும்.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலிருந்து தொடங்குவோம். உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டைப் பட்டம் வென்ற முதல் கறுப்பினத்தவரான ஜாக் ஜான்சன் 1920இல் அங்கே ஒரு கிளப் திறந்தார். 1923இல் அது ஓவ்னி மேடன் என்ற வெள்ளை மாஃபியாக்காரரின் கைக்குப் போனது. பெயர் 'காட்டன் கிளப்' ஆனது. காட்டன் என்றால் பருத்தி. அடிமைகள் பறித்த அதே பருத்தி. உள்ளே தோட்டத்து அடிமை வாழ்க்கையை நினைவூட்டும் அலங்காரம். மேடையில் கறுப்பினத்தவர், பரிமாறுவோர் கறுப்பினத்தவர், மேசையில் உட்கார்ந்து குடிப்போர் வெள்ளையர். ஆட்டக்காரப் பெண்களிலும் வெளிர் நிறத் தோல் உள்ளவர்களையே தேர்ந்தெடுத்தார்கள். டியூக் எலிங்டன் 1927 முதல் 1931 வரை இங்கேதான் வாசித்தார். வானொலி வழியாக அவர் இசை நாடெங்கும் போனது. அவருடைய தெருக்காரர்கள் அந்த வாசலைத் தாண்ட முடியவில்லை. சாவு வீட்டுக்குப் பறை வேண்டும், அடிப்பவர் திண்ணையில் ஏறக் கூடாது என்ற ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

1938இல் பார்னி ஜோசப்சன் கிரீனிச் வில்லேஜில் திறந்த 'கஃபே சொசைட்டி'யில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்தே உட்கார்ந்தார்கள். லின்சிங் கொலைகளைப் பற்றிய 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' பாடலை பில்லி ஹாலிடே 1939இல் பாடியது அங்கேதான்.

ஆனால் கையில் இன்னொரு பூட்டு வைத்திருந்தது அரசு. 1940 முதல் 1967 வரை, நியூயார்க்கில் மது பரிமாறும் கிளப்களில் வேலை செய்ய காவல்துறை தரும் 'கேபரே கார்டு' வேண்டும். ரேகை பதித்துப் படம் எடுத்துத்தான் கொடுப்பார்கள். ஒரு வழக்கு வந்தால் கார்டு போய்விடும். 1948இல் சிறையிலிருந்து வந்த பில்லி ஹாலிடே கார்னகி ஹாலை நிரப்ப முடிந்தது, ஏனென்றால் அங்கே மது இல்லை, கார்டும் தேவையில்லை. கிளப்பில் மட்டும் பாட முடியாது. தெலோனியஸ் மங்க் 1951இல் போதைப்பொருள் வழக்கில் சிக்கினார். உடனிருந்த நண்பர் பட் பவலைக் காட்டிக்கொடுக்க மறுத்தார். 1957 வரை, ஆறு ஆண்டுகள், தன் சொந்த நகரத்துக் கிளப்களில் அவரால் வாசிக்க முடியவில்லை. ஒரு கலைஞனின் சோற்றைப் பறிக்க ஓர் அட்டை போதும். அந்த பட் பவல் 1959இல் பாரிஸுக்குப் போனார்.

பாரிஸ் ஏன்? முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் தன் கறுப்பினப் படையான 369ஆம் ரெஜிமெண்டைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளாமல் பிரெஞ்சுப் படையிடம் ஒப்படைத்தது. ஜேம்ஸ் ரீஸ் யூரோப் தலைமையில் அதன் இசைக்குழு 1918இல் பிரான்ஸின் ஊர் ஊராக வாசித்தது. அங்கே முதன்முறையாக ஒரு கறுப்பினச் சிப்பாயால் எந்த ஓட்டலிலும் நாற்காலி இழுத்து உட்கார முடிந்தது.

யூஜின் புல்லார்டின் கதையைத் தனியே சொல்ல வேண்டும். 1895இல் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்தார். கப்பலில் ஒளிந்து ஐரோப்பா போனார். குத்துச்சண்டை போட்டார். பிரெஞ்சுப் படையில் சேர்ந்து வெர்டன் போரில் காயம்பட்டார். 1917இல் போர் விமானி ஆனார். அமெரிக்க விமானப் படை அவரை எடுத்துக்கொள்ளவில்லை. போருக்குப் பின் மோன்மார்த்ரில் டிரம் வாசித்து, 'ல கிராண்ட் டுக்' கிளப்பை நடத்தினார். கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் 1924இல் பாத்திரம் கழுவியது அங்கேதான். 1940இல் ஹிட்லரின் படை வர, புல்லார்ட் நியூயார்க் திரும்பினார். ராக்ஃபெல்லர் சென்டரில் லிஃப்ட் இயக்கும் வேலை கிடைத்தது. பிரான்ஸ் 1959இல் தன் லெஜியன் விருதைக் கொடுத்தபோதும் அவர் லிஃப்ட் இயக்குபவர்தான். 1961 அக்டோபர் 12 அன்று இறந்தார்.

ஐந்து நாள் கழித்து, அக்டோபர் 17. அல்ஜீரியர்கள் இரவில் வெளியே வரக் கூடாது என்ற காவல்துறைத் தலைவர் மோரீஸ் பப்போனின் உத்தரவை எதிர்த்து அல்ஜீரியத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு பாரிஸ் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். போலீஸ் அடித்துக் கொன்றது. உடல்களை சென் ஆற்றில் எறிந்தது. அரசு பல ஆண்டுகள் இரண்டு மூன்று சாவு என்றே சொன்னது. வரலாற்றாய்வாளர்கள் நூற்றுக்கு மேல் என்கிறார்கள். செயின்ட் மிஷெல் பாலத்திலிருந்து 'கவோ த லா ஊஷெட்' ஜாஸ் கிளப்புக்குச் சில நிமிட நடைதான்.

அதே தெருவில், அதே ஆண்டுகளில், கறுப்பின அமெரிக்கருக்கு நாற்காலி கிடைத்தது, அல்ஜீரியருக்குத் தடியடி கிடைத்தது. முதலாமவர் வேறு நாட்டின் குற்றத்துக்குச் சாட்சி. இரண்டாமவர் பிரான்ஸின் சொந்தக் குற்றத்துக்கு. படிநிலைச் சமூகம் ஒருவருக்கு இடம் கொடுப்பதையே தன் நற்சான்றிதழாக வைத்துக்கொண்டு இன்னொருவரை மிதிப்பதை நாம் இங்கேயும் பார்க்கிறோம்.

தொடரில் அந்த இருவரையும் ஒரே கிளப்பின் கூட்டாளிகளாக்கியது சரியான தேர்வு. ஆனால் முதலில் சாவது அரபு நண்பன். மூன்றாவது பகுதி முழுக்க அவன் மனைவி அமிராவின் துக்கம், அடக்கம், நண்பர்கள் வாசிக்கும் இசை. தொடரிலேயே எங்களுக்கு மிகவும் பிடித்தது அதுதான். என்றாலும் 1961 பற்றி ஒரு வரிகூட இல்லை.

அதை எழுதியவர் ஒரு கறுப்பின அமெரிக்கர்: பாரிஸில் வாழ்ந்த பத்திரிகையாளர் வில்லியம் கார்ட்னர் ஸ்மித். 'தி ஸ்டோன் ஃபேஸ்' நாவல், 1963. அது பிரெஞ்சில் மொழிபெயர்ப்பாக வர 2021 வரை ஆனது.