ஈர வேட்டியும் கம்பளி பனியனும்

மாயவரத்தில் ஐப்பசி துலா முழுக்குக்குப் போயிருக்கிறீர்களா? ஆற்றுக்குள் நிற்கும்வரை ஒன்றும் தெரியாது. படித்துறை ஏறி ஈர வேட்டியோடு நிற்கும்போது வாடைக்காற்று ஒரு வீசு வீசும் பாருங்கள்... பல் தந்தியடிக்கும்! நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இந்தப் படித்துறைப் பாடத்தை ஐரோப்பாக்காரன் கடலுக்கு அடியில் கற்றான். அந்தக் கதைதான் இந்த வாரம்.

அதற்கு முன்னால் நம்ம ஆள். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர் உடம்பில் ஒரு கோவணம். காலுக்குக் கல். இடுப்பில் கூடை, மேலே கயிறு பிடிக்க ஒருத்தர். அரபு நாட்டுக் குளியாளிகள் மூக்குக்குக் கிடுக்கி மாட்டுவார்கள். நம்மவர் விரலாலேயே பொத்திக்கொண்டு இறங்கினார். ஒன்று, ஒன்றரை நிமிஷத்தில் மேலே வந்துவிட வேண்டும். அந்தக் கடல் வெதுவெதுப்பு. கம்பளிக்கு என்ன வேலை?

இங்கிலாந்துக் கடல் அப்படியா? கோடையிலும் நம்ம மார்கழித் தண்ணீரைவிடக் குளிர். 1837 வாக்கில் அகஸ்டஸ் சீப் என்பவர் தலைக்கவசத்தோடு இணைந்த, தண்ணீர் புகாத முழு உடுப்பைச் செய்தார். இன்றைய 'டிரை சூட்'டுக்குத் தாத்தா! ஆனால் தண்ணீர் புகாது என்றால் குளிரும் புகாது என்று அர்த்தமில்லை. காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்துவது தண்ணீர். ரப்பர் துணி அதைத் தடுக்காது. தடுப்பது, உள்ளே போட்ட துணியின் இழைகளுக்குள் சிக்கியிருக்கும் காற்றுதான். அதனால் குளியாளிகள் கம்பளி பனியன், கம்பளி டிராயர், கம்பளிக் காலுறை என்று அடுக்கினார்கள். குளிர் ஜாஸ்தியென்றால் ரெண்டு மூணு ஜோடி. வேர்வை பட்டு லேசாக நனைந்தாலும் கம்பளி சூடு தரும்; பருத்தி தராது. இன்னொரு உபகாரமும் உண்டு. ஆழத்தில் அழுத்தம் ஏறும்போது உடுப்பின் மடிப்பு தோலைக் கவ்விக் கிள்ளும். உள்ளாடை நடுவில் நின்று காப்பாற்றும்.

சரி, இனிமேல்தான் விஷயமே. 1782-ல் இங்கிலாந்தின் ஸ்பிட்ஹெட் அருகே மூழ்கிய 'ராயல் ஜார்ஜ்' போர்க்கப்பலை அகற்ற, 1839 முதல் கர்னல் பாஸ்லி ஆட்களை இறக்கினார். அத்தனை பேருக்கும் மூட்டுவலி! குளிரால் வந்த வாதம் என்றே எல்லோரும் நினைத்தார்கள். பாவம், எத்தனை பனியன் போட்டு என்ன பிரயோஜனம்? காரணம் குளிரல்ல. அழுத்தத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், சட்டென்று மேலே வந்ததும் சோடா புட்டியைத் திறந்த மாதிரி குமிழியாகிறது. 1878-ல் பால் பேர் என்ற பிரெஞ்சுக்காரர் இதைச் சொன்னார். 1908-ல் ஹால்டேன், ஆடுகளை வைத்துச் சோதித்து, எங்கே எவ்வளவு நேரம் நின்று நின்று ஏற வேண்டும் என்று அட்டவணையே போட்டார். பி.காம். படித்த எனக்கு அட்டவணை என்றால் வட்டிக் கணக்குதான். உயிரைக் காக்கும் அட்டவணையும் உண்டு என்று இதைப் படித்தபோதுதான் தெரிந்தது.

இன்றைக்கு உள்ளே போடுவது வேர்வையைக் கடத்தும் மெல்லிய உள்ளுடுப்பு, அதன்மேல் பஞ்சு மாதிரி 'ஃப்ளீஸ்'. தத்துவம் அதேதான். பருத்தி பனியனுக்கு மட்டும் இன்றும் அனுமதியில்லை.

மாயவரத்திலிருந்து இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர் கிழக்கே போனால் பூம்புகார். 1990-களின் தொடக்கத்தில் எஸ்.ஆர். ராவ் வழிகாட்ட, கோவா தேசியக் கடலியல் நிறுவனத்தார் அங்கே மூழ்கித் தேடினார்கள். கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டரில், 23 மீட்டர் ஆழத்தில் லாட வடிவில் ஏதோ ஒன்று தென்பட்டது. மனிதன் கட்டியதா, இயற்கையா என்ற சண்டை தனிக்கதை. இன்னோரிடத்தில், 19 மீட்டரில், உடைந்த கப்பல் ஒன்று. அதில் கிடைத்த ஈயக்கட்டிகளில் பிளாக்கெட் என்ற இங்கிலீஷ் பெயரும் 1791, 1792 என்ற ஆண்டுகளும் பொறித்திருந்தன. குளிர் தேசத்து ஈயம், கம்பளி பனியனே தேவைப்படாத நம்ம கடலடியில் இருநூறு வருஷம் கிடந்திருக்கிறது.