பாலாற்றங்கரையில் உருது

உருதுப் பாஷையின் பெருமைக்குரிய நகரங்களாகிய டில்லியும் லக்னௌவும் பாலாற்றங்கரைக்கு ஆயிரம் மைலுக்கும் அப்பால் உள்ளவை. ஆயினும் மீர், காலிப், இக்பால் ஆகிய உருதுக் கவிஞர்களை மனப்பாடமாக ஒப்பிக்க வல்லவர்களையும், சந்தம் சற்றே பிசகினாலும் முகம் சுளிக்கும் ரசிகர்களையும், பதனிட்ட தோலின் வாடை வீசும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பல தலைமுறைகளாகவே காணலாம். இவர்களுள் பலருடைய முன்னோர்கள் வீட்டிலே தமிழ் பேசி, அத்தமிழையே அரபு லிபியில் எழுதி வந்த லப்பை முஸ்லிம்கள் என்பதை நினைக்கும்போது, எட்டாத தூரத்துப் பாஷை ஒன்றின்மேல் இத்தனை அபிமானம் எவ்வாறு வேரூன்றியது என்ற கேள்வி எழுகிறது.

இதற்கான விதை ஆர்க்காட்டு நவாபுகளின் காலத்திலேயே தூவப்பட்டுவிட்டது. தர்பாரில் பாரசீகமே கௌரவ பாஷையாக விளங்கிய அந்நாளில், 1745இல் வேலூரில் பிறந்த மௌலானா பாகிர் ஆகா, அரபியிலும் பாரசீகத்திலும் மகா பண்டிதராக இருந்தும், அவ்விரண்டும் அறியாத பெண்களுக்கும் பாமரர்களுக்கும் விளங்கும்படி, தென்னாட்டு உருதுவாகிய தக்கணியில் சமய விஷயங்களைச் செய்யுளாகப் பாடி வைத்தார். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் திப்பு சுல்தானின் குடும்பத்தார் பெரும் பரிவாரத்துடன் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டனர். 1806 ஜூலை மாதத்துச் சிப்பாய்ப் புரட்சிக்குப் பிறகு அரச குமாரர்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்படும்வரை, கோட்டையிலும் அதைச் சூழ்ந்த தெருக்களிலும் தக்கணியின் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது.

எனினும் நவாபுகளின் அதிகாரம் போனபின் பாஷைக்கு ஆதரவு அளித்தது அரசு அன்று, தோல் வர்த்தகமே. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கிய ரயில், பிறகு ஆம்பூர் வாணியம்பாடி வழியாக மேற்கே நீண்டது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்க, பச்சைத் தோல் நாட்டின் பல திசைகளிலிருந்தும் வந்திறங்க, பதனிட்ட சரக்கு சென்னைப் பெரியமேட்டு மண்டிகளைக் கடந்து லண்டன் ஏலச் சந்தை வரை சென்றது. முதல் உலக யுத்தத்தில் ராணுவப் பூட்ஸுகளுக்குத் தோல் தேவைப்பட்டபோது லாபமும் பெருகியது. ஹைதராபாத், கான்பூர், கல்கத்தா முதலிய இடங்களில் கொள்முதல் செய்தவருக்கு உருது வியாபாரத்துக்கு உதவும் பாஷையாயிற்று; நவாபு வம்சத்தின் கௌரவம் அதன்மேல் படிந்திருந்ததால் அந்தஸ்தின் அடையாளமும் ஆயிற்று; இவ்விரண்டோடு மார்க்கக் கல்வியும் அதன் வழியே வரலாயிற்று. தோல் ஷாப்புகளின் சுண்ணாம்புக் குழிகளில் இறங்கி உழைத்தவர்களோ பெரும்பாலும் தமிழ் பேசும் ஒடுக்கப்பட்ட மக்கள். ஆகவே குழியருகே தமிழும் முதலாளி அமரும் அறையில் உருதுவுமாக, ஒரே கட்டடத்துக்குள் இரு பாஷைகள் வர்க்க பேதத்தைச் சுமந்து நின்றன என்பதையும் மறைத்துவிடலாகாது.

வர்த்தகத்தில் ஈட்டிய பொருளில் ஒரு பங்கு கல்விக்குச் சென்றது. ஷா அப்துல் வஹாப் வேலூரில் நிறுவிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபிக் கல்லூரியில், தமிழ் மாணவர்களும் மலையாள மாணவர்களும் முதலில் உருது கற்று, அதன் துணைகொண்டே அரபு நூல்களுக்குப் பொருள் கேட்டனர். வாணியம்பாடியில் 1919இல் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. ஆம்பூருக்கு அருகே தோல் வணிகர் காகா முகம்மது உமர் 1924இல் ஜாமியா தாருஸ்ஸலாமை ஸ்தாபித்தார். அவ்வூர் அவர் பெயராலேயே உமராபாத் ஆயிற்று. வேலூர், உமராபாத் ஆகிய இவ்விரு மார்க்கக் கலாசாலைகளிலும் பயின்றோர் முறையே பாகவி என்றும் உமரி என்றும் தம் பெயருக்குப்பின் சேர்த்துக்கொள்வது இன்றும் வழக்கம்.

பள்ளியில் கற்ற பாஷையை உயிரோடு வைத்திருந்தது முஷாயிரா என்னும் கவியரங்கம். ‘தரஹி’ முஷாயிராவில் ஓர் அடியை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். கலந்துகொள்ளும் கவிஞர் ஒவ்வொருவரும் அதே சந்தத்தில், அதே இயைபில் கஜல் என்னும் கவிதை புனைந்து வரவேண்டும். கவிஞர் முதலடியை நிறுத்தி இருமுறை சொல்லுவார். சபையோர் அதைத் திருப்பிச் சொல்லி, இரண்டாம் அடி எங்கே போய் முடியும் என்று யூகித்துக் காத்திருப்பார்கள். எதிர்பார்த்த இயைபில் எதிர்பாராத பொருள் வந்து விழுந்ததும் ‘வாஹ் வாஹ்’ என்ற ஆரவாரமும், மறுபடி சொல்லுங்கள் என்று கேட்கும் ‘முகர்ரர்’ குரல்களும் எழும். வீட்டிலே ‘நக்கோ’ என்றும் ‘ஹௌ’ என்றும் கொச்சையாகப் பேசுபவர்களே மேடையேறியதும் டில்லிக்காரரும் குறை சொல்ல முடியாத நடைக்கு மாறிவிடுவார்கள். சென்னைத் திருவல்லிக்கேணியில் 1927இல் சையத் அஸ்மதுல்லா தொடங்கிய ‘முஸல்மான்’ நாளிதழ், காதிபுகள் என்னும் எழுத்தர்கள் பக்கம் பக்கமாகக் கையால் எழுத, அதிலிருந்து அச்சாகி வெளிவந்ததும் இதே சிரத்தையின் மற்றோர் அடையாளம்.

தாய்நாட்டுக்கு வெளியே ஒரு பாஷைக்குப் பாதுகாவலர் தோன்றுவது உலகில் புதிதன்று. அயர்லாந்தில் பஞ்சத்தாலும் ஆங்கில ஆதிக்கத்தாலும் ஐரிஷ் நலிந்துகொண்டிருந்தபோது, கடல் கடந்து நியூயார்க்கின் புரூக்ளினில் குடியேறியவர்கள் 1881இலேயே அப்பாஷைக்கென ‘ஆன் கேயல்’ என்ற மாத இதழை நடத்தலாயினர். டப்ளினில் கேலிக் லீக் தோன்றியது அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகுதான். ஆனால் அவர்கள் காத்தது இழந்துவந்த தாய்மொழியை. பாலாற்றங்கரை வணிகர்களோ தமக்குத் தாய்மொழியாக இல்லாததையே விரும்பி எடுத்துக்கொண்டு, பேரப்பிள்ளைகளுக்குத் தாய்மொழியாக்கிவிட்டனர்.

அதனால் தமிழுக்கு நேர்ந்தது நஷ்டமா என்று கேட்பவர்கள் உண்டு. தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய 2006ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி, இப்பகுதி உருதுப் பள்ளிகளில் அந்த விவாதம் மீண்டும் சூடு பிடித்தது. சரித்திரத்தில் அதற்கு ஒரு பதில் உண்டு. உருதுக் கவிஞர்களின் பரம்பரையில் மதுரையில் பிறந்த கவிக்கோ அப்துல் ரகுமான், வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் நெடுங்காலம் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். ‘ஆலாபனை’க்காக 1999இல் சாகித்ய அகாதெமி விருதும் பெற்றார். கஜலைத் தமிழிலேயே எழுதி ‘மின்மினிகளால் ஒரு கடிதம்’ என்ற தொகுப்பாக அளித்தவரும் அவரே. உருது ரசனை நிரம்பிய ஊரில் தமிழ் கற்பித்த ஒருவருடைய கையால் தமிழ்க் கவிதைக்குப் புதிய வடிவம் ஒன்று வாய்த்தது என்றால், அந்த வணிகர்கள் உருதுக்குச் செலவிட்ட பணத்தில் தமிழுக்கும் ஒரு பங்கு வந்து சேர்ந்தது என்றே கணக்கு எழுத வேண்டும்.