மதிப்பெண் இடம் மாறிய கதை

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய சி மொழியில், இரு மாணவர்களின் மும்மூன்று மதிப்பெண்களை எப்படி எழுதுவீர்கள்? ஒவ்வொருவருக்கும் தனி அடைப்புக்குறி இடலாம். ஆனால் 1978இல் கெர்னிகனும் ரிச்சியும் எழுதிய நூல், உள்குறிகளை விட்டுவிடவும் இசைவு தந்தது. சோம்பலுக்கு ஒரு சலுகை! 1989இல் வந்த அமெரிக்கத் தரமும் அதை விலக்கவில்லை.

ஏழு எண்கள் எழுதினால், நிரலை மொழிமாற்றும் கம்பைலர் சுட்டிக்காட்டிவிடும். முதல் மாணவரின் எண் ஒன்றை மறந்தாலோ? இரண்டாமவரின் முதல் மதிப்பெண் முதலாமவருக்குப் போய்விடும். கடைசி இடத்தில் பூஜ்யம்! கம்பைலருக்கு இதில் குறையே இல்லை. உள்குறி இருந்தால், பூஜ்யம் முதல் மாணவரோடு நின்றிருக்கும்.

பின்னர் ஜிசிசி போன்ற கம்பைலர்கள் விடுபட்ட உள்குறிகளுக்கு எச்சரிக்கை தரத் தொடங்கின. அது பிழையன்று, நீங்கள் பொருட்படுத்தாவிட்டாலும் நிரல் ஓடும். 1999ஆம் ஆண்டுத் தரம், எந்த இடத்துக்கு எந்த எண் என்று பெயரிட்டே எழுத வழிசெய்தது.