தீருவைப் பற்றிய தீர்க்கதரிசனம்: நிறைவேற்றம் ஓர் அளவுகோலா?

விவிலிய வாக்குகள் நிறைவேறின என்பதற்குச் சமய நூல்கள் விரும்பிக் காட்டும் சான்று எசேக்கியேல் 26ஆம் அதிகாரம். பெனிக்கிய வணிக நகரமான தீரு வெறும் பாறையாகும், வலை விரிக்கும் இடமாகும், மீண்டும் கட்டப்படாது என்று அது அறிவிக்கிறது. ஐயவாதிகளோ, பொய்த்த வாக்குக்கு அதையே எடுத்துக்காட்டுகின்றனர். 29ஆம் அதிகாரத்தோடு சேர்த்துப் படித்தால் இரு வாதங்களும் தளர்கின்றன என்பதே இக்கட்டுரையின் முடிபு.

பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார் தீருவை 13 ஆண்டுகள் முற்றுகையிட்டான் என்கிறார் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ். முற்றுகை ஏறத்தாழ கி.மு. 573இல் முடிந்தது; ஆனால் கரைக்கு எதிரே தீவில் இருந்த நகரம் தரைமட்டமாகவில்லை. சமயத் தரப்பு இங்கே இரண்டு குறிப்புகளைச் சுட்டுகிறது. 3ஆம் வசனம் 'பல இனங்கள்' வரும் என்கிறது; 12ஆம் வசனத்தில் 'அவன்' என்ற ஒருமை 'அவர்கள்' என்ற பன்மையாக மாறுகிறது. ஆகவே மீதியை கி.மு. 332இல் அலெக்சாந்தர் நிறைவேற்றினான் என்பது அவர்கள் விளக்கம். கரைநகரின் இடிபாடுகளைக் கடலில் கொட்டி அவன் தீவுக்குப் பாதை அமைத்தது, கல்லும் மரமும் மண்ணும் நீரில் எறியப்படும் என்ற வரியோடு வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது. ஆயினும் 7ஆம் வசனம் பெயர் சொல்லி அழைப்பது நேபுகாத்நேச்சாரை. மேலும், அலெக்சாந்தருக்குப் பின்னும் தீரு எழுந்தது. பவுல் அங்கே ஏழு நாள் தங்கியதை அப்போஸ்தலர் 21 குறிக்கிறது. லெபனானின் சூர் நகரமாக இன்றும் மக்கள் அங்கு வாழ்கின்றனர்.

29ஆம் அதிகாரத்தின் 17ஆம் வசனம் முதலான பகுதி, கி.மு. 571க்குரியது; எசேக்கியேலின் நாளிட்ட வாக்குகளில் இதுவே இறுதியானது. தீருவில் பட்ட பாட்டுக்கு நேபுகாத்நேச்சாரின் படைக்குக் கூலி கிடைக்கவில்லை, அதற்கு ஈடாக எகிப்து தரப்படும் என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. எதிர்பார்த்த கொள்ளை கிட்டவில்லை என்பதை நூலே ஒப்புக்கொள்ளும்போது, முழு நிறைவேற்றம் என்ற வாதம் நிற்பதில்லை. மனம் திரும்பினால் தண்டனை விலகும் என்ற எரேமியா 18இன் விதியும் இங்கு உதவாது. தீரு மனம் திரும்பியதாக நூலில் எங்கும் இல்லை.

ஐயவாதமும் இங்கே தன் வழக்கமான கருவியை, அதாவது வாக்கு நிகழ்ச்சிக்குப் பின் எழுதப்பட்டது என்ற வாதத்தை, இழக்கிறது. தானியேல் நூல் நிகழ்ச்சிகளுக்குப் பின் எழுதப்பட்டது என்று கி.பி. 3ஆம் நூற்றாண்டில் தத்துவஞானி பொர்பீரி வாதிட்டார். தானியேல் 11ஐப் பொறுத்தவரை அவ்வாதம் வலுவானது. ஆனால் முற்றுகையின் முடிவை அறிந்த ஒருவர் எசேக்கியேல் 26ஐ இவ்வாறு புனைந்திருக்க மாட்டார். ஆகவே அது முடிவுக்கு முன்னரே சொல்லப்பட்ட வாக்கு. பின்னர் திருத்தப்படாமல் காக்கப்பட்டது.

நிகழாத சொல் கர்த்தருடையதன்று என்பது உபாகமம் 18இன் சோதனை. அம்மரபில் வந்தவர்களே 26, 29 ஆகிய இரண்டு அதிகாரங்களையும் ஒரே நூலில் வைத்துக் காத்தனர். காரணம் 26 முதல் 28 வரையுள்ள உள்ளடக்கத்தில் இருக்கிறது. எருசலேமின் வீழ்ச்சியில் தனக்கு ஆதாயம் கண்டு மகிழ்ந்த நகரத்தையும், தன்னைத் தெய்வமென்று எண்ணிய அதன் அதிபதியையும் அவை நியாயம் தீர்க்கின்றன. நாடிழந்து சிறைப்பட்ட ஒரு சமூகம் செல்வத்தின் செருக்கை எதிர்த்து எழுப்பிய குரல் அது. அதை முன்னறிவிப்புப் பட்டியலில் ஓர் எண்ணாகச் சேர்ப்பவரும் அடித்து நீக்குபவரும் நூலின் நேர்மைக்கு நியாயம் செய்வதில்லை. தீருவின் வாக்கை அற்புதச் சான்றாகப் பயன்படுத்துவதைச் சமய அறிஞர்கள் கைவிட வேண்டும். வாக்கு பொய்த்ததாலேயே நூலின் பொருளும் தீர்ந்தது என்ற முடிவை ஐயவாதிகள் கைவிட வேண்டும்.