பலாக்கொட்டையும் புற்றுநோயும்

கொல்லிமலைப் பலாச்சுளையைச் சுவைத்திருப்பீர்கள். கொட்டையைச் சுட்டும் தின்றிருப்பீர்கள். அதில் 'ஜகாலின்' என்னும் புரதம் இருப்பதை அறிவீர்களா? அது லெக்டின் இனத்தைச் சேர்ந்தது.

1888-இல் ஸ்டில்மார்க் என்பவர், ஆமணக்கு விதைச் சாறு இரத்தச் சிவப்பணுக்களை ஒட்டித் திரளச் செய்வதைக் கண்டார். 1903-இல் நொகுச்சி, குதிரைலாட நண்டின் இரத்தத்திலும் இப்பண்பைக் கண்டார். காரணம் என்ன? செல்லின் மேற்பரப்பில் சர்க்கரைச் சங்கிலிகள் உள்ளன. ஒவ்வொரு லெக்டினும் தனக்குரிய சர்க்கரையைத் தேர்ந்து பற்றுகிறது.

'டி-ஆன்டிஜென்' என்பது இரு சர்க்கரைகளின் இணை. நலமான செல்லில் அது பிற சர்க்கரைகளால் மூடப்பட்டிருக்கும். பல புற்றுநோய்ச் செல்களில் சங்கிலி முற்றுப்பெறாததால் வெளியே தெரியும். ஜகாலின் அதைப் பற்றுவதை 1986-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சுரோலியா குழுவினர் காட்டினர். 1996-இல் அங்கேயே எம். விஜயன் குழுவினர் ஜகாலினின் அணு அமைப்பை வெளியிட்டனர்.

ஆயினும் ஜகாலின், நோயற்றவர் இரத்தத்திலுள்ள சில புரதங்களையும் பற்றும். ஆகவே அது மட்டுமே நோயை உறுதி செய்யாது. கொட்டையைத் தின்றால் புற்றுநோய் தீரும் என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். ஆய்வுக்கூடத்தில் அது அடையாளம் காட்டும் கருவி, மருந்தன்று. உடலில் புதிதாகக் கட்டி தென்பட்டால் தாமதியாமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.